முதலில் கண்மாயை வரையுங்கள்: ராமநாதபுரக் கரையை வைத்து ஒரு கற்பனை நாடு அமைக்கும் முறை

கற்பனை அரசுகளை வைத்துக் கதை எழுதுகிறவர்களும், மேசை விளையாட்டுக்காக உலகம் அமைக்கிறவர்களும் பெரும்பாலும் அரண்மனையில்தான் தொடங்குகிறார்கள். ஒரு ராஜா, வாரிசுச் சண்டை போடும் மூன்று பிள்ளைகள், எல்லையில் ஒரு பகைநாடு. பத்து அத்தியாயம் போனபின், படைக்கு யார் சோறு போட்டது, குதிரை எங்கிருந்து வந்தது, அடைமழையில் எப்படி முற்றுகை நடந்தது என்று வாசகர் கேட்டால் பதில் இருக்காது. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் ராமநாதபுரக் கரை இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடிய நிலம். ஊர்ப்பெயரையும் அரசர் பெயரையும் உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர், காற்று, தூரம் மூன்றையும் மட்டும் மாற்றாதீர்கள்.

வரைபடம்

காகிதத்தில் முதலில் கடற்கரைக் கோடு, அடுத்து ஒரே ஒரு ஆறு. வைகையைப் போல மேற்கு மலையில் பிறந்து, வழியெல்லாம் கண்மாய்களை, அதாவது பாசன ஏரிகளை, நிரப்பிவிட்டு, கடலோரம் வரும்போது பெரும்பாலும் வெறும் மணலாகக் கிடக்கிற ஆறு. அதன் இரு பக்கமும் கண்மாய்களைப் போடுங்கள். அவை தனித்தனிக் குளங்கள் ஆகா. மேல் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர் வரும். ராஜசிங்கமங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்பார்கள், அவ்வளவு நீளக் கரை. அப்படி ஒரு பெரிய கண்மாயை நாட்டின் நடுவில் வைத்தால் தலைநகரை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு கண்மாய்க்கும் மண் கரை, பாசன மடை, மிகுநீர் வழியும் கலுங்கு, தண்ணீர் தேங்கும் உள்வாய் ஆகியவற்றைக் குறியுங்கள். அரசியல் கலுங்கில்தான் இருக்கிறது. கலுங்கின் மேல் வரிசையாகக் கல் நட்டிருக்கும். கல்லுக்குக் கல் இடையே மண்ணும் வைக்கோலும் திணித்து அடைத்தால் நீர்மட்டம் ஏறும். 250 ஏக்கர் நீர்ப்பரப்பு உள்ள கண்மாயில் ஒரு முழம், அதாவது 45 சென்டிமீட்டர் ஏற்றினால், ஏறத்தாழ நாலரை லட்சம் கன மீட்டர் தண்ணீர் கூடுதலாக நிற்கும். ஒரு போக நெல்லுக்கு ஏக்கருக்கு 5,000 கன மீட்டர் என்று வைத்தால் 90 ஏக்கர். ஆவியாவதையும் கசிவையும் கழித்தாலும் 60 ஏக்கருக்குக் குறையாது. மேல் ஊருக்கு 60 ஏக்கர் கூடுதல் விளைச்சல். கீழ் ஊருக்கு நாற்று காய்கிறது. உள்வாய் ஓரத்தில் பட்டா வைத்திருப்பவனின் நிலம் மூழ்குகிறது. அடைப்பு இருக்கும்போதே புயல் மழை கொட்டினால் கரை உடைந்து இரண்டு ஊரும் போகும்.

இந்த ஒரு முழ மண்ணிலிருந்து ஒரு கொலை, ஒரு வழக்கு, ஒரு கலகம் எல்லாவற்றையும் எழுதலாம். பஞ்சாயத்தில் பேசுகிற ஊர்த்தலைவரான அம்பலகாரர், இரவில் அடைப்பைப் பிரிக்க வருகிற இளைஞர்கள், விளைச்சலில் அரசுக்குச் சேரும் பங்கான மேல்வாரத்தை எண்ணிப் பார்த்து மேல் ஊர் பக்கம் சாய்கிற அதிகாரி என்று ஆட்கள் தாமாக வந்து சேருவார்கள். இளவரசர்களின் பொறாமையை விட இது எனக்கு வலுவான தொடக்கமாகப் படுகிறது, ஏனென்றால் இதில் எல்லார் பக்கமும் நியாயம் இருக்கிறது.

குடிதண்ணீருக்கு ஊருணி தனி. அதில் குளிக்கவும் மாடு இறக்கவும் விடமாட்டார்கள். கடலோர ஊர்களில் மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும், ஆனால் ஆழமாகத் தோண்டினால் உப்புத்தண்ணீர் ஏறிவிடும். படையெடுத்து வருகிறவனுக்கு இது தெரியாமல் போவது நல்ல விபத்து.

இரண்டு கடல்

ராமேசுவரம் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. கரையில் இருப்பவர்கள் வடக்கே உள்ளதைப் பெண்கடல், தெற்கே உள்ளதை ஆண்கடல் என்பார்கள். பெண்கடல் ஆழம் குறைந்தது, 15 மீட்டரைத் தாண்டும் இடம் அரிது. ஆண்கடல் தெற்கே போகப்போக ஆயிரம் மீட்டர் ஆழத்தையும் தாண்டும். வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது ஆண்கடல் கொந்தளிக்கும், பெண்கடல் அடங்கியிருக்கும். ஐப்பசிக்கு மேல் வடகிழக்கு வாடை திரும்பியதும் நிலைமை தலைகீழ்.

ஆகவே உங்கள் நாட்டுக்குக் கப்பற்படை இருந்தால் அதற்கு இரண்டு துறைமுகம் வேண்டும், காற்று மாறும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகரவும் வேண்டும். நகரும் வழி பாம்பன் போன்ற ஒரு கால்வாய். சுமார் இரண்டு கிலோமீட்டர் அகலம், அதில் பெரும்பகுதி பாறையும் ஆழமற்ற நீரும். பெரிய கலம் போக முடியாது. சரக்கைத் தோணிகளில் இறக்கி, மறுபக்கம் ஏற்ற வேண்டும். இந்த ஒரு இடத்தைப் பிடித்திருப்பவன் சுங்கம் வாங்குவான், எதிரியின் கப்பற்படையைக் காற்று மாறும் வரை தவறான கடலில் மாட்டவைப்பான். பெரிய கடற்போர்க் காட்சி வேண்டும் என்று பெண்கடலில் நூறு பெருங்கலங்களை மோதவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அங்கே அவை தரைதட்டும். தட்டையான அடி உள்ள வத்தையும் வள்ளமும்தான் அங்கே போர்க்கலம்.

கார்த்திகை, மார்கழியில் புயல். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலலை தனுஷ்கோடியை ரயிலோடு சேர்த்து அழித்தது. உங்கள் நாட்டு வரலாற்றிலும் கடல் கொண்டுபோன ஒரு ஊர் இருக்கட்டும். அதன் சுங்க வருமானம் எந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் எழுதி வையுங்கள்.

ஆண்டுக் கணக்கு

மழை ஐப்பசி முதல் மார்கழி வரை. அறுவடை தை, மாசி. பதநீர், கருப்பட்டி, உப்பு எல்லாம் அதற்கடுத்த வெயில் மாதங்களில். முத்துக்குளிப்பு பங்குனி, சித்திரையில், இரண்டு காற்றுக்கும் இடைப்பட்ட அமைதிக் கடலில்.

இப்போது போரை இதில் பொருத்திப் பாருங்கள். மழைக்காலத்தில் கரிசல் மண்ணில் மாடும் வண்டியும் புதையும். அறுவடைக்கு முன் ஆட்களைக் கூப்பிட்டால் வயல் கிடக்கும், மேல்வாரமும் கிடைக்காது. தை அறுவடை முடிந்ததும் தானியம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, ஊருணியில் தண்ணீர் இருக்கிறது. பங்குனி தாண்டினால் தண்ணீர் போய்விடும். ஆக, தரைப்படையெடுப்புக்கு உங்களிடம் இருப்பது மாசியை நடுவில் வைத்து இரண்டு, இரண்டரை மாதம். அதன் வால்பகுதி முத்துக்குளிப்போடு மோதுகிறது. முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டான பாரைக் காவல் காக்கப் படகும் வீரரும் வேண்டும், முற்றுகைக்கும் அவர்களே வேண்டும். அரசர் எதை விடுவார் என்பது ஆண்டுதோறும் எழும் உண்மையான அரசியல் கேள்வி.

முத்திலிருந்து குதிரைக்கு

தென்னாட்டில் போர்க்குதிரை வளர்ப்பு சரியாக வராது. பாண்டியர் காலத்தில் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து ஆண்டுதோறும் கப்பலில் வந்தன. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார் என்றும், வழியில் இறந்ததற்கும் அதே விலை என்றும் எழுதுகிறார். மார்க்கோ போலோ, இங்கே குதிரை பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் வாங்கியவற்றில் பெரும்பாலானவை ஆண்டுக்குள் செத்துப்போகின்றன என்கிறார். உங்கள் அரசரிடம் 500 குதிரை என்றால், ஆண்டுக்கு மூன்றில் ஒன்று சாகும் என்று கணக்கிடுங்கள். 170 புதுக் குதிரைக்கு ஆண்டுதோறும் பொன் வேண்டும். வறண்ட நாட்டு நெல்லால் அது வராது. முத்தால் வரும்.

முத்துக்குளிப்பை எழுதும்போது படகை அருகில் போய்ப் பாருங்கள். பழைய முறைப்படி ஒரு படகில் பத்துக் குளியாட்கள், ஐந்து கல். ஐந்து பேர் இறங்க, ஐந்து பேர் இளைப்பாறுவார்கள். கனமான கல்லில் காலை வைத்து, மூக்கைப் பிடித்து இறங்குவார்கள். பத்து முதல் பதினெட்டு மீட்டர் ஆழம், ஏறத்தாழ ஒரு நிமிடம். கல்லை மேலே இழுத்துவிடுவார்கள். கீழே இருப்பவர் சிப்பியைக் கூடையில் வாரிப்போட்டு, கயிற்றை அசைத்ததும் கயிறு பிடிப்பவர் தூக்குவார். கயிறு பிடிப்பவரின் கவனம் போனால் உயிர் போகும், எனவே அந்த வேலைக்கு நெருங்கிய உறவுக்காரரை வைப்பது இயல்பு. சிப்பியைக் கரையில் குவித்து நாள்கணக்கில் அழுகவிட்டு, பிறகு அலசுவார்கள். நாற்றமும் ஈயும் தாங்காது, கொள்ளைநோய் வரும். திருட்டும் அந்தக் குவியலில்தான் நடக்கும்.

மந்திரத்தை நுழைக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. சுறாவின் வாயைக் கட்டுகிற மந்திரவாதிகளைப் பற்றி மார்க்கோ போலோ சொல்கிறார். முத்தில் பத்தில் ஒன்று அரசருக்கு, இருபதில் ஒன்று சுறா கட்டுபவர்களுக்கு. பகலில் கட்டு. மாலையில் கட்டை அவிழ்த்துவிடுவார்கள், இரவில் எவனும் திருட்டுத்தனமாகக் குளிக்கக் கூடாது என்பதற்காக. ஒரு மந்திரத்துக்குக் கூலி என்ன, நேரம் என்ன, யார் காவல், எதற்குப் பயன் என்பது முழுக்க இந்த ஒரே செய்தியில் இருக்கிறது. உங்கள் உலகத்தில் எந்த மந்திரம் வைத்தாலும் இந்த நான்கு கேள்விக்கும் விடை எழுதுங்கள். மழையை வரவழைக்கும் மந்திரவாதியை மட்டும் யோசித்து வையுங்கள். அவர் இருந்தால் கண்மாய்ச் சண்டை, படையெடுப்புக் காலம், மேல்வாரம் எல்லாம் குலைந்துபோகும்.

சிப்பி வளர நாலைந்து ஆண்டு பிடிக்கும். அவசரப்பட்டு முன்கூட்டிக் குளித்தால் முத்து சிறுத்திருக்கும், பாரும் வெறுமையாகும். மிகவும் தாமதித்தால் சிப்பி செத்துவிடும். காரணமே தெரியாமல் பல ஆண்டு பார் வெறிச்சோடிக் கிடப்பதும் உண்டு. இதைச் சங்கிலியாக எழுதுங்கள்: இந்த ஆண்டு பார் பொய்த்தது, அடுத்த ஆண்டு குதிரை வாங்கவில்லை, அதற்கடுத்த ஆண்டு குதிரைப்படை பாதி, அப்போது பக்கத்து நாட்டுக்காரன் வருகிறான். போருக்குக் காரணமாக ஒரு அவமானத்தையோ கடத்தப்பட்ட இளவரசியையோ தேட வேண்டியிருக்காது.

யார் கையில் என்ன

17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் சடைக்கத் தேவரை ராமநாதபுரத்தை ஆளும் சேதுபதியாக ஏற்றபோது, ராமேசுவர யாத்திரைப் பாதையைக் காப்பது முதன்மைக் கடமையாக இருந்தது. ‘சேது காவலர்’ என்ற பட்டத்தின் பலம் அதில்தான். தூரத்து அரசர்களின் குடிகளும் அந்தப் பாதையில் வருவார்கள், ஆகவே பாதையை மறித்தவன் எல்லாருக்கும் பகை. வேதாளையில் போர்த்துக்கீசியர் யாத்திரிகர்களிடம் வரி பிடுங்கியதன் விளைவாக 1549இல் அங்கே தாக்குதல் நடந்தது. அந்தோனியோ கிரிமினாலி என்ற பாதிரியார் அதில் உயிரிழந்தார். உங்கள் நாட்டிலும் அரசருக்கு நிலத்தைத் தவிர வேறொரு புனிதக் கடமை இருக்கட்டும். அந்தக் கடமையில் தவறினால் பட்டம் போகும்.

மேலதிகாரம் இரண்டு அடுக்காக இருப்பது கதைக்கு வசதி. மேலே பேரரசர், கீழே பாளையம். கப்பமும் படையும் கொடுப்பது கீழே உள்ளவர் கடன். மைசூர்ப் படை மதுரையை நெருங்கியபோது ரகுநாத சேதுபதி போய்த் திருமலை நாயக்கரைக் காப்பாற்றினார், அதற்குப் பரிசாகக் கப்பம் நீங்கியது. மேலே உள்ளவருக்கு நெருக்கடி வரும்போதெல்லாம் கீழே உள்ளவரின் விலை ஏறுகிறது. அதே திருமலை நாயக்கர்தான் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, வாரிசுச் சண்டையைக் காரணம் காட்டி இந்த நாட்டை மூன்றாகப் பிரித்தவரும்.

பாகப்பிரிவினையைத் துல்லியமாக எழுதுங்கள். கிழவன் சேதுபதி தலைநகரைப் போகலூரிலிருந்து ராமநாதபுரத்துக்கு மாற்றி, 1710 வரை ஆண்டார். அவருக்குப் பின் வாரிசுகள் மோதினார்கள். தோற்றவர்களும் துரத்தப்பட்டவர்களும் தஞ்சாவூர் மராட்டியரிடம் படை கேட்டார்கள். 1730ஐ ஒட்டி நாடு ஐந்து பங்காகக் கணக்கிடப்பட்டு, மூன்று பங்கு ராமநாதபுரம், இரண்டு பங்கு சிவகங்கை என்று ஆனது. படை அனுப்பிய தஞ்சாவூர் சும்மா போகவில்லை, வடக்கு எல்லை நிலத்தை எடுத்துக்கொண்டது. இந்த வகை ஏற்பாட்டில் உதவிக்கு வந்தவன் எதை எடுத்துப் போனான் என்பதை எழுத மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு நல்ல மாதிரி 12ஆம் நூற்றாண்டில் கிடைக்கிறது. பாண்டியர் வாரிசுப் போரில் ஒரு பக்கம் இலங்கை மன்னர் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டது. தளபதி கடல் கடக்கும் முன்பே உதவி கேட்டவர் கொல்லப்பட்டுவிட்டார். படை திரும்பவில்லை. இறந்தவரின் மகனை அரசனாக்குவோம் என்று சொல்லி ராமேசுவரத்தில் இறங்கியது, குந்துகால் பக்கம் கோட்டையும் கட்டியது. அழைத்தவர் போனபின்னும் வந்த படைக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

அரண்மனைக்குள் தளவாய் (படைத்தலைவர்), பிரதானி (அமைச்சர்), ராயசம் (எழுத்தர்) போதும். வெளியே கீழக்கரை போன்ற துறைமுகத்தின் மரக்காயர் வணிகர், குளிப்புப் படகுகளை வைத்திருக்கும் சம்மாட்டிகள், கோயிலை நிர்வகிக்கும் தானத்தார், கண்மாய் ஊர்களின் அம்பலகாரர். இந்த நால்வரில் இருவரின் ஆதரவு இல்லாமல் எந்த வாரிசும் ஓராண்டு தாண்டக் கூடாது என்று விதி வைத்துக்கொண்டால் சூழ்ச்சிக் காட்சிகள் சிக்கனமாக அமையும்.

படை நடப்பது

மதுரையிலிருந்து ராமநாதபுரம் 115 கிலோமீட்டர் அளவில். மாட்டோடு நடக்கும் படை நாளுக்கு 16 கிலோமீட்டர் போகும், ஆக ஏழெட்டு நாள். ஆயிரம் பேர், தலைக்கு நாளுக்கு ஒரு கிலோ தானியம் என்றால் ஒரு டன். பொதிமாடு 100 கிலோ சுமக்கும். போக ஏழு நாள், முற்றுகை இருபது, திரும்ப ஏழு: 34 டன், 340 மாடு.

இனித் தண்ணீர். ஆளுக்கு 5 லிட்டர், 100 குதிரைக்குத் தலா 35, மாட்டுக்குத் தலா 30 என்றால் நாளுக்கு 18,700 லிட்டர். முப்பது மீட்டர் சதுர ஊருணியில் ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால் ஒன்பது லட்சம் லிட்டர். கோடை வெயில் நாளுக்கு 7 மில்லிமீட்டர் குடித்தால் அது 6,300 லிட்டர். மொத்தச் செலவு 25,000. மாசியில் நிரம்பிய ஊருணி 36 நாள் தாங்கும். சித்திரையில் பத்து சென்டிமீட்டர்தான் மிச்சம் என்றால் நாலு நாள்கூட வராது, அதிலும் மாடு இறங்கினால் சேறு. பெரும்பாலான முற்றுகைகளை வாளால் முடிப்பதற்குப் பதில் இந்தக் கணக்கால் முடியுங்கள். தற்காப்பவர் ஊருணியில் செத்த மாட்டைப் போட்டுவிட்டுப் பின்வாங்கினால் படை ஒரு வாரம் முன்பாகவே திரும்பும். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் அதை மறக்கமாட்டார்கள்.

கண்மாய்க் கரையை உடைத்து எதிரியை மூழ்கடிப்பது கேட்க நன்றாக இருக்கும். தண்ணீர் நிற்கிற கார்த்திகை முதல் தை வரைதான் அது முடியும். உடைத்த அரசர் அந்த ஆண்டின் நெல்லை இழப்பார், அடுத்த மழைக்குள் உடைப்பை அடைக்க ஆயிரக்கணக்கில் ஆள் கூலியும் கொடுப்பார்.

கோட்டைக்கு மண் சுவரே ஏற்றது. அடி அகன்று, மேலே ஒடுங்கிய மண் சுவரில் பீரங்கிக் குண்டு புதைந்து நிற்கும், கல் சிதறுவதுபோல் சிதறாது. ஆனால் மழை அதைக் கரைக்கும். ஐப்பசிக்கு முன் ஆண்டுதோறும் மண்ணும் வைக்கோலும் குழைத்துப் பூச வேண்டும். பூசாமல் விட்ட ஆண்டைத் தேர்ந்தெடுத்து எதிரியை வரவிடுங்கள். சுவருக்கு வெளியே உடைமரமும் கருவேலும் அடர்ந்த முள் அரண். 1801இல் காளையார்கோவிலைப் பிடிக்க ஆங்கிலேயர் சிறுவயலிலிருந்து காட்டை வெட்டிப் பாதை போட ஏறத்தாழ ஒரு மாதம் முயன்று கைவிட்டார்கள். பிறகு வேறு வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். வெட்டுகிற ஆட்களை மறைவிலிருந்து தாக்குவதே தற்காப்பவரின் முழு வேலை.

வளைந்த எறி ஆயுதமான வளரியைக் காட்டு நடுவில் வீசவிடாதீர்கள், கிளையில் மோதும். காட்டு விளிம்பில், ஓடுகிறவனின் கால், குதிரையின் கால், இவையே அதற்கு இலக்கு. திரும்பிக் கைக்கு வரும் என்று எண்ணி எழுத வேண்டாம். ஆளுக்கு இரண்டு மூன்று கொடுங்கள்.

வரலாற்றை எழுதி வைப்பது

ஒரே நிகழ்ச்சியை மூன்று பேர் கையால் எழுதுங்கள். முதலாவது செப்பேடு. அதன் வரிசை: மங்கலச் சொல், சக ஆண்டு, நீண்ட பட்டங்கள், கொடுத்தவர், பெற்றவர், நான்கு திசை எல்லை, எந்தெந்த வரி நீங்கியது, கடைசியில் சாபம். ‘இதற்கு விக்கினம் செய்தவன் கங்கைக்கரையிலும் சேதுக்கரையிலும் காராம்பசுவைக் கொன்ற தோஷத்திலே போவான்’ என்ற வகையில். எல்லையில் மரம், பாறை, கலுங்கு என்று தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள்களை வையுங்கள். அறுபது ஆண்டு கழித்து அந்த மரம் பட்டுப்போனதும் வழக்கு எழும்.

இரண்டாவது அம்மானைப் பாட்டு, அதாவது வீரரைப் புகழும் கதைப்பாடல். அதில் படை எண்ணிக்கை பத்து மடங்கு பெருகும், தோற்றவர் துரோகத்தால்தான் தோற்றிருப்பார். மூன்றாவது வெளிநாட்டு வணிகரின் குறிப்பு. அவருக்கு விலை துல்லியமாகத் தெரியும், உறவுமுறை எல்லாம் தப்பாக இருக்கும். மூன்றும் ஒத்துப்போகும் இடம் இரண்டு மூன்றுக்கு மேல் இருக்க வேண்டாம்.

கடைசிச் சரிபார்ப்பு

மத்தியகால உலகம் என்றால் கீழ்க்கண்டவற்றை அடித்துவிடுங்கள். மிளகாய் கிடையாது, முண்டு மிளகாயும் சேர்த்துத்தான். காரத்துக்கு மிளகு. தக்காளி, உருளைக்கிழங்கு, முந்திரி, பப்பாளி, புகையிலை எல்லாம் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வருகைக்குப் பிறகு வந்தவை. இன்று மாவட்டம் முழுக்கப் படர்ந்திருக்கும் சீமைக் கருவேலம் 19ஆம் நூற்றாண்டுக்கு முன் இங்கே இல்லை, எனவே உங்கள் வீரர்கள் அதற்குள் ஒளிய முடியாது. கடற்கரைச் சவுக்குத் தோப்பும் அப்படியே. அந்த இடங்களில் பனையையும் உடையையும் தாழையையும் நடுங்கள். படைவீரன் மூட்டையில் கம்பு, கேப்பை, கருவாடு, கருப்பட்டி. நெல்லுச்சோறு தளவாயின் கூடாரத்தில்.